யன்னலுக்காக வெட்டிய குழி

எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது ஒரு சனிக்கிழமை மத்தியானம். வடை சுட்டுக்கொண்டிருந்த நான், வாசல் மணி அடித்ததென்று போய், விளம்பரத்தாளோடு நின்றவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால் சட்டிக்கு மேலே தீ எழுந்து நிற்கிறது. புகை அலாரம் கத்தத் தொடங்கியது. கூடத்தில் இருந்த என் கணவர் இடுப்பை ஒரு கையால் பிடித்தபடி வந்தார். தண்ணீர்க் குழாயை நோக்கிப் போன என் கையைத் தட்டிவிட்டு, பெரிய தட்டு ஒன்றை எடுத்துச் சட்டியின் மேல் சறுக்கவிட்டு மூடினார். தீ அடங்கியது. புகை அடங்கவில்லை. சமையலறையிலிருந்து நிலத்தடிப் பேஸ்மென்றுக்கு இறங்கும் படிக்கட்டின் வாயை அது அடைத்துக்கொண்டு நின்றது.

அப்போதுதான் கீழே தனியாகப் படுத்திருக்கிற பெண்பிள்ளையின் நினைவு வந்தது.

புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் வெக்ஸ்போர்டில் எங்களுடையது பழைய செங்கல் வீடு. மேலே நாங்கள் இருவரும். மகள் படிப்புக்காக வேறு நகரம் போய்விட்டாள். கீழே மட்டக்களப்பிலிருந்து வந்த இளம் தம்பதியினர் வாடகைக்கு இருந்தார்கள். அவன் நெடுந்தூர லொறி ஓட்டுபவன். மேற்கே போனால் திரும்பி வரக் கிழமைக் கணக்காகும். அவளுக்கு அப்போது மூன்றாம் மாதம். வாந்தியும் மயக்கமுமாகப் பகலிலும் படுத்தே கிடந்தாள். அவள் மேலே வருவதற்கு இருந்தது அந்த ஒரே படிக்கட்டுத்தான். அது என் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து முடிகிறது.

நான் பின்கதவால் ஓடி, வீட்டின் பின்சுவரோரமாகப் புல்லில் முழங்காலிட்டேன். அவளுடைய அறையின் யன்னல் என் கணுக்கால் உயரத்தில் இருந்தது. தபால்பெட்டி வாயைவிடக் கொஞ்சம் பெரிது என்று சொல்லலாம். வர்ணம் பூசிப் பூசித் திறக்கவே முடியாதபடி ஒட்டிப்போயிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய உள்ளங்கை மட்டும் தெரிந்தது. கதிரையில் ஏறி நின்று கையை மேலே நீட்டித் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்டுமில்லை பிள்ளை! நெருப்பு நூந்திட்டுது! பயப்பிடாதை!" என்று கத்தினேன். அவளுக்குக் கேட்டதோ தெரியாது. கை அப்படியே கண்ணாடியில் ஒட்டியிருந்தது. நானும் என் கையை வெளியிலிருந்து அதன்மேல் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

புகை கலைந்ததும் அவள் மேலே வந்தாள். தேநீர் குடித்தாள். வடை கருகிப்போனதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தாள். ஆனால் கீழே போகாமல், பின்கதவுக்குப் பக்கத்துக் கதிரையிலேயே பொழுதுபடும்வரை இருந்தாள்.

அன்று பின்னேரம் என் கணவர் வெளியே போய் அந்த யன்னலுக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்போதுதான் முடிந்த குளிர்காலத்தில் வேலைத்தலத்தில் பாரம் தூக்கும்போது அவருக்கு முதுகுத்தட்டு விலகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே போவதே குறைவு. சாய்கதிரையில் இருந்து, சத்தத்தைக் குறைத்துவிட்டு, ரீவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"உதுக்குள்ளால ஒரு பூனைதான் வெளியில வரும்" என்றார் உள்ளே வந்து.

"அவளுக்குப் பிள்ளை பிறந்தாப் பிறகு?"

"அதுக்கு முதல் உதைப் பெருப்பிக்க வேணும். இவ்வளவு நாளும் யோசிக்காமல் இருந்திட்டம்."

அவர் ஒரு காரியத்தை "வேணும்" என்று சொல்லிக் கேட்டுப் பல மாதங்களாகியிருந்தன.

விசாரித்து ஒருவரைப் பிடித்தோம். போர்த்துக்கேயர், அத்திவாரச் சுவர் வெட்டுவதும் யன்னல் பொருத்துவதும் அவருடைய தொழில். வந்து பார்த்தார். ஆள் ஒருவர் தவழ்ந்து வெளியே வரக்கூடிய அளவுக்குச் சுவரைக் கீழ்நோக்கி வெட்ட வேண்டும் என்றார். அப்படி வெட்டினால் யன்னலின் பெரும்பகுதி நிலத்துக்குக் கீழே போய்விடும். ஆகவே அதற்கு முன்னால் வெளியே ஒரு குழி வெட்டி, மண் சரியாமல் சுற்றிவர அடைக்க வேண்டும். வெளிச்சமும் காற்றும் ஆளும் அந்தக் குழிக்குள்ளால்தான் வந்து போக வேண்டும். அரைவட்டமாக வளைத்த தகரம் கடையில் ஆயத்தமாகவே விற்கிறது, அதைக் கொண்டுவந்து இறக்கினால் சரி என்றார்.

"குழி வெட்டுகிறதற்கு என் ஆட்களை அனுப்பட்டுமா?" என்று கேட்டார்.

"நான் வெட்டுகிறேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். என் கணவர் தோளைக் குலுக்கினார். நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். கொதிக்கிற சூப்புச் சட்டிகளைப் பல வருடங்களாகத் தூக்கிய கை இது. அதிகாலையில் போனால் மத்தியானத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்துவிடுவேன். வந்து என்ன செய்கிறேன்? சத்தமில்லாத ரீவிக்கு முன்னால் இருக்கிற மனிதரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதைவிட மண் வெட்டலாம் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது.

நகரசபையின் அனுமதி வருவதற்குச் சில கிழமைகள் பிடித்தன. நிலத்துக்குக் கீழே போகும் காஸ், மின்சார வழிகளைக் குறிப்பதற்கு ஓர் ஆள் வந்து, புல்லின் மேல் நிறநிறமாக மை விசிறி, சின்னச் சின்னக் கொடிகளை நட்டுவிட்டுப் போனார். மஞ்சள் காஸ், சிவப்பு மின்சாரம். நல்ல காலம், இரண்டுமே எங்கள் குழிக்கு எட்டத்தில் போயின.

மேலே வந்த பிள்ளை கொடிகளைப் பார்த்துவிட்டு, "ஆருக்கக்கா பிறந்தநாள்?" என்று கேட்டாள்.

"இனித்தான் ஆரோ பிறக்கப்போகினம்" என்றார் என் கணவர். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

வைகாசியில் மண் வெட்டும் சவளை எடுத்தேன். மேலே கொஞ்சம் கறுத்த மண். அது கேக் வெட்டுவதுபோல வந்தது. அதற்குக் கீழே களிமண். சவளில் ஒட்டினால் உதறினாலும் விழாது. ஒவ்வொரு தடவையும் கையால் வழித்து எறிய வேண்டும். முதல் நாள் வேலை முடிந்து பார்த்தபோது ஒரு குளியல் தொட்டி அளவுக்குத்தான் பள்ளம் விழுந்திருந்தது. இரவு சோற்றைப் பிசைய விரல் மடங்கவில்லை. ஆனால் அன்று நான் தூங்கினது மாதிரி நெடுங்காலமாகத் தூங்கியதில்லை.

சில நாட்களில் என் கணவர் ஒரு கதிரையைக் கொண்டுவந்து புல்லில் போட்டுக்கொண்டார். டொக்டர் குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்றிருந்தார். வாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அந்த மூலை குறையக் கிடக்கு."

"எந்த மூலை?"

"உந்த மூலை. உன்ரை இடப்பக்கம். சவளைச் சரிச்சுப் பிடி."

"வந்து பிடிச்சுக் காட்டுங்கோவன்."

"அதுக்குத்தானே நீ இருக்கிறாய்."

எரிச்சல் வந்தாலும் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அவர் வாய் திறந்து என்னோடு சண்டை பிடிக்கிறார்.

வெட்டிய மண்ணை எங்கே போடுவது என்று யோசிக்காமலே தொடங்கியிருந்தோம். அது பக்கத்து வேலியோரமாகக் குவிந்தது. பக்கத்து வீட்டில் தனியாக இருந்தவர் ஒரு கிரேக்கக் கிழவர். வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய தக்காளிக் கன்றுகள். குவியல் உயர உயர அவருடைய முகம் கறுத்தது. ஒருநாள் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "இந்த மலை எப்போது போகும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கெதியில் போகும் என்றேன். "மலைகள் தாமாகப் போவதில்லை" என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

குழி என் நெஞ்சளவுக்கு வந்த நேரத்தில் மழை பெய்தது. ஞாயிறு பின்னேரம், வானம் ஒரு பக்கமாகக் கறுத்து, நாங்கள் பிளாஸ்ரிக் விரிப்பைத் தேடி எடுப்பதற்குள் கொட்டத் தொடங்கிவிட்டது. கூரைத் தண்ணீர் பீலி நிரம்பி வழிந்து நேரே குழிக்குள் விழுந்தது. களிமண் தண்ணீரைக் குடிக்காது. குழி கிணறுபோல நிரம்பியது. பழைய யன்னலின் கீழ்ச்சட்டத்தைத் தண்ணீர் தொட்டதும், "அக்கா! உள்ளுக்கு வருது!" என்று கீழேயிருந்து குரல் கேட்டது.

நான் பக்கற்றால் அள்ளி ஊற்றினேன். அள்ளிய இடத்தில் இன்னும் தண்ணீர் வந்தது. குழியின் ஒரு பக்கம் பொத்தென்று சரிந்தது. என் கணவர் கதிரையை உதைத்துத் தள்ளிவிட்டு எழும்பி வந்தார்.

"நீங்கள் குனியக்கூடாது!" என்று கத்தினேன்.

"நான் குனியேல்லை. பீலிக் குழாயைத் திருப்பிவிடுறன்!" என்று அவரும் கத்தினார். நின்றபடியே கூரைக் குழாயின் வளைவைப் பிடுங்கி, வேறு பக்கமாகத் திருப்பினார். அந்தத் தண்ணீர் நேரே மண்குவியலில் விழுந்தது. மலை கரைந்து வேலிக்குக் கீழால் தக்காளிகளை நோக்கிப் போனது.

கிழவரின் பின்கதவு திறந்த சத்தம் கேட்டது. இனி வசவுதான் என்று நினைத்தேன். அவர் மழைக்கோட்டும் செருப்புமாக, ஒரு சின்னத் தண்ணீர்ப் பம்பையும் சுருட்டிய குழாயையும் சுமந்துகொண்டு எங்கள் கேற்றைக் காலால் திறந்து வந்தார். "என் தக்காளி! என் தக்காளி!" என்று சொல்லிக்கொண்டே பம்பைக் குழிக்குள் இறக்கினார். வயரை என் கணவரின் கையில் கொடுத்தார். பம்ப் உறுமித் தண்ணீரைத் தெருப்பக்கம் துப்பத் தொடங்கியது. அவர் என் கையிலிருந்த பக்கற்றை வாங்கி, சவளையும் எடுத்து, கரைந்த மண்ணைத் தன் வேலியோரமிருந்து தள்ளத் தொடங்கினார். மழை விடும்வரை தள்ளிக்கொண்டே இருந்தார்.

விட்ட பிறகு மூவரும் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றோம். அவர் குழிக்குள் எட்டிப் பார்த்து, "வடிகால் எங்கே?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. அத்திவாரத்தைச் சுற்றி நிலத்துக்கடியில் ஒரு துளைக்குழாய் ஓடும், அதுவரைக்கும் தோண்டி, குழியின் தண்ணீர் அதற்குள் இறங்கும்படி நிலைக்குத்தாக ஒரு குழாய் வைத்துச் சல்லி நிரப்ப வேண்டும் என்று கையால் காற்றில் வரைந்து காட்டினார். அவருடைய வீடும் எங்களுடையதும் ஒரே வரிசையில் ஒரே காலத்தில் கட்டியவை; அவருடைய பேஸ்மென்றும் ஒருகாலத்தில் நனைந்திருந்தது. போர்த்துக்கேயரைத் தொலைபேசியில் கேட்டோம். ஓம், அதை நான் சொல்லவில்லையா என்றார். அவர் சொல்லவில்லை.

நான் இன்னும் ஆழமாக வெட்டினேன். ஈரத்தில் பக்கங்கள் சரிந்துகொண்டே இருந்ததால் கராஜிலிருந்த பழைய பலகைகளை நிறுத்தி, குறுக்கே தடிகள் முட்டுக் கொடுத்தோம். ஒருநாள் நான் அந்தப் பலகைகளுக்கு நடுவில் நின்று சல்லி பரப்பிக்கொண்டிருந்தேன். மேலே வெளிச்சம் மறைத்தது. நிமிர்ந்தால் கீழ்வீட்டுப் பிள்ளை கையில் தேநீரோடு நிற்கிறாள். வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. தேநீரை நீட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, வெளியில வாங்க" என்றாள்.

"கொஞ்சம் பொறு பிள்ளை, இன்னும் கொஞ்சம்தான்—"

"வாங்கக்கா. வெளியில வாங்க."

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. நான் சவளைப் போட்டுவிட்டு ஏறி வந்தேன். என் கணவர் கதிரையை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். அவள் உட்கார்ந்து, மடியில் கையை வைத்துக்கொண்டு, குழியைப் பார்த்தபடி பேசினாள்.

"பங்கர் மாதிரியே இரிக்கு. நான் பள்ளிக்குடம் போற வயசில எங்கட வளவுக்க ஒண்டு வெட்டியிருந்தம். ஷெல் வாற சத்தம் கேட்டா இறங்குறது. மறுகா சத்தம் நிண்டா ஏறுறது. மழைக்கு அதுக்குள்ள தண்ணி நிண்டுரும். தவளையெல்லாம் கிடக்கும்." சிறிது நிறுத்தினாள். "அதுக்குப் படி இல்லக்கா. மண்ணில சறுக்கி இறங்குறதுதான். ஏற ஒண்ணா. ஆராச்சும் மேல இருந்து கை தரோணும். ஒருக்கா எல்லாரும் ஏறிப் போய்த்தாங்க. நான் கடைசி. அம்மா திரும்பி வந்து கை தருமட்டும் உள்ளுக்க நிண்ட. கொஞ்ச நேரந்தான். ஆனா எனக்கு அது கொஞ்ச நேரம் இல்ல."

நான் அந்தக் காலத்துக்கு முன்பே நாட்டை விட்டு வந்தவள். வந்த புதிதில் பார்க்டேலில் ஓர் அறைக்குள் ஆறு பேராக இருந்த நாட்களில், பங்கரைப் பற்றித் தொலைபேசியில் கேட்டதுதான். என் கணவர் வெட்டியவர். பதினேழு வயதில் பனங்குற்றி தூக்கிப் போட்டு மூடியவர். அவர் குழியின் விளிம்புக்குப் போய், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு வந்து கேட்டார்.

"படி இருந்தால் ஏறுவியோ பிள்ளை?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தகரத்துக்கு ஏணிதானே அண்ணன் தாறாங்க? ஏணியில நான் வயித்தோட எப்பிடி ஏறுற? மறுகா கையில பிள்ளையோட எப்பிடி ஏறுற?"

"அதுதான் சொல்லுறன். தகரம் வேண்டாம். மரத்தில கட்டுவம். கீழ ஒரு பெட்டி, அதுக்குப் பின்னால தள்ளி மேல ஒரு பெட்டி, அதுக்கு மேல இன்னொண்டு. படிக்கட்டு மாதிரி. நடந்து ஏறலாம். வெளிச்சமும் கூட வரும்."

"அதுக்கு இன்னும் அகலமாக வெட்ட வேணுமே" என்றேன் நான்.

"ஓம்" என்றார். "வெட்டு."

அன்றிலிருந்து அவர் சாய்கதிரைக்குத் திரும்பவில்லை. போர்த்துக்கேயரோடு பேசி, புதிய வரைபடத்தை நகரசபைக்குக் கொடுத்து ஒப்புதல் வாங்கினார். ஈரத்தில் உக்காமல் மருந்தேற்றிய தடித்த மரங்களை லொறியில் வந்து இறக்கினார்கள். பச்சை கலந்த பழுப்பு நிறம், மூக்கில் ஏறும் ஒரு மணம். புல்லின் மேல் மரத்தை வைத்து அறுக்க இரண்டு தாங்குகால்களை அவருடைய இடுப்பு உயரத்துக்கு வைத்துக்கொடுத்தேன். மரத்தைத் தூக்கி அதன்மேல் வைப்பது நான். அளந்து, கோடு போட்டு, மரம் அரியும் வாளால் அறுப்பது அவர். அறுத்த ஒவ்வொரு முனைக்கும் தூரிகையால் மருந்து பூசினார். பூசியதைக் காயவிட்டு மறுபடியும் பூசினார்.

"மண்ணுக்குள்ள போறதுக்கு இவ்வளவு அலங்காரமோ?" என்று கேட்டேன்.

"மண்ணுக்குள்ள போறதுக்குத்தான் வேணும். வெளியில நிக்கிறதைப் பாத்துப் பாத்துத் திருத்தலாம். உள்ள போனதை ஆர் பாக்கிறது?"

முதல் பெட்டியை இறக்கியபோது அது ஒரு பக்கம் உயர்ந்து நின்றது. மட்டக்கோலின் குமிழி நடுவுக்கு வர மறுத்தது. சல்லியைக் கூட்டினோம், குறைத்தோம், அடித்து இறுக்கினோம். கிரேக்கர் வேலிக்கு மேலால் பார்த்து, "இடது, இடது" என்றார். என் கணவர் "வலது" என்றார். இருவருக்கும் இடையில் நான் களி பூசிய முகத்தோடு நின்று, "ஆராவது ஒராள் மட்டும் கதையுங்கோ!" என்று தமிழில் கத்தினேன். கிரேக்கருக்கும் அது விளங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டார். குமிழி நடுவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. மரத்தின் மேல் மரம் வைத்து நீண்ட திருகாணிகளை இறக்கினோம். மண் தள்ளினாலும் சாயாமல் இருக்க, சில மரங்களைக் குறுக்காகத் திருப்பி, அவற்றின் வால் மண்ணுக்குள் புதையும்படி பூட்டினோம். வெட்டிய மண்ணில் ஒரு பகுதி மரத்துக்குப் பின்னால் நிரப்பப் போனது. மிச்சத்தைக் கிரேக்கரே தன் வீட்டு முன்பக்கத்துப் பள்ளத்தை மேவி மூட வேண்டுமென்று தள்ளுவண்டியில் அள்ளிக்கொண்டு போனார். மலை போய்விட்டது.

ஆடி மாதத்தில் போர்த்துக்கேயர் சுவரை வெட்டினார். வைரப்பல் வாள் சுவரில் இறங்கியபோது வீடு முழுவதும் கிறீச்சிட்டது. பிள்ளையை அன்று மேலே எங்கள் அறையில் படுக்க வைத்தோம். வெட்டிய துண்டை வெளியே இழுத்தெடுத்ததும் நான் கீழே இறங்கிப் போனேன். தூசு இன்னும் அடங்கவில்லை. அந்த அறையின் நடுவில், கட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு பெரிய சதுரமாக வெயில் விழுந்திருந்தது. அவள் சுவரில் ஒட்டியிருந்த ஒரு முருகன் படத்தின் மயில், அதுவரை கறுப்பாகத் தெரிந்தது, உண்மையில் கடும் நீலம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

யன்னல் பொருத்தியானது. நகரசபை இன்ஸ்பெக்ரர் வந்தார். அளந்தார், வடிகாலுக்குள் ஒரு பக்கற் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், மரத்தின் மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தார். "யார் கட்டியது?" என்றார். என் கணவர் என்னைக் காட்டினார். நான் அவரைக் காட்டினேன். "நல்லது" என்று கையொப்பமிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த நாள் பிள்ளை மேலே வந்து சொன்னாள்: "நான் ஒருக்கா ஏறிப் பாக்கோணும்."

"இப்ப ஏனடி? பிள்ளையைப் பெத்துப் போட்டு ஏறன்" என்றேன். அவளுக்கு ஏழு மாதம் கடந்திருந்தது.

"இப்ப வெளியில வர ஒண்ணாட்டி இந்த யன்னல் எனக்கென்னத்துக்கு அக்கா?"

சரி, ஏறட்டும் என்று ஆயத்தமானோம். நான் அறைக்குள் அவளோடு நின்றேன். என் கணவர் வெளியே குழியின் மேல்விளிம்பில் நின்றார். கிரேக்கர் வேலியடியில். யன்னலின் கீழே ஒரு தட்டையான பெட்டிப்படியை வைத்திருந்தோம். அவள் அதில் ஏறி, யன்னலைத் திறந்து, முதலில் தலையையும் தோளையும் வெளியே விட்டாள். பிறகு பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, வயிற்றை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, காலை ஒவ்வொன்றாக வெளியே போட்டாள். சல்லியில் கால் ஊன்றிய சத்தம் கேட்டது. நான் யன்னலுக்குள்ளால் தலையை நீட்டிப் பார்த்தேன்.

அவள் கீழ்ப்பெட்டியின் விளிம்பில் ஒரு கை வைத்து முதல் படியில் ஏறினாள். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். என் கணவர் மேலிருந்து குனியாமல், முழங்காலை மட்டும் மடித்து, கையை நீட்டினார்.

"வேணாம் அண்ணன்" என்றாள். "கை வேணாம்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். அவள் இரண்டாவது படியில் ஏறினாள். பிறகு மேல்படி. பிறகு புல்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவளுடைய புருஷன் பயணம் முடிந்து வந்து வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்தான். தோளில் பையோடு நின்றவன், தன் கர்ப்பிணி மனைவி நிலத்துக்குள்ளிருந்து எழும்பி வருவதைக் கண்டான்.

"என்ன கா செய்யிறாய் நீ!" என்று பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

அவள் சிரித்துக்கொண்டு நின்றாள், கன்னத்தில் கண்ணீரும் இறங்கியது. கிரேக்கர் வேலிக்கு மேலால் கை தட்டினார். பிறகு, யாரும் கேட்காமலே, ஒரு கிண்ணம் நிறையத் தக்காளி கொண்டுவந்து தந்தார். அன்று பின்னேரம் அதில் ரசம் வைத்துப் புல்லில் இருந்து எல்லோருமாகக் குடித்தோம். அவர் உறைப்பில் இருமி இருமிக் குடித்தார்.

ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. அந்த மாதமே என் கணவர் மீண்டும் வேலைக்குப் போனார். பாரம் தூக்குகிற வேலை அல்ல. கட்டடச் சாமான் கடை ஒன்றில், மரப் பகுதியில் நின்று, வருகிறவர்களுக்கு எது எதற்குச் சரி என்று சொல்லுகிற வேலை. நேர்முகத்தில் என்ன கேட்டார்கள் என்றேன். "கடைசியா என்ன கட்டினனீர் எண்டு கேட்டாங்கள். போனில படம் காட்டினன்" என்றார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாலும் காது சிவந்திருந்தது.

குளிர்காலத்தில் பனி கொட்டினால் குழியும் நிறைந்துவிடும். வாசலைத் துப்புரவாக்குவதற்கு முதல் அதை அள்ளுவது என்னுடைய வேலையானது. சவளும் நானும் பழகிவிட்டோம். அள்ளும்போது யன்னலுக்கு உள்ளே அவள் குழந்தையைத் தூக்கிப் பிடித்துக் கை காட்டுவாள்.

மாசி கடைசியில் ஒரு காலை அவள் மேலே வந்தாள். கண்ணெல்லாம் சிவந்து, தலை குழம்பி.

"அக்கா, ஒரு உதவி செய்யோணும். சொன்னா ஏசப்படாது."

"சொல்லு."

"வெளிச்சம் கூடிப்போச்சு. விடிஞ்சாப் போதும், வெயில் நேரே தொட்டிலுக்க அடிக்குது. இவள் எழும்பிருவாள். மறுகா படுக்கமாட்டாள். யன்னலுக்கு ஒரு திரை போட ஏலுமா?"

நான் அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சமையலறை மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். என்னவோ ஏதோ என்று என் கணவர் பல்துலக்கியோடு வந்து பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும், "அகலம் எனக்குத் தெரியும், அளக்கத் தேவையில்லை" என்றார். ஆனாலும் நாடாவோடு கீழே போய் அளந்துவிட்டுத்தான் வந்தார்.

சனிக்கிழமை நானும் அவளும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு துணிக்கடைக்குப் போனோம். கடைக்காரி வெளிச்சம் துளியும் புகாத தடித்த துணிகளை எடுத்துப் போட்டாள். பிள்ளை அவற்றையெல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு ஒதுக்கினாள். கடைசியில் மெல்லிய மஞ்சள் பருத்தி ஒன்றை எடுத்து, கடைக் கண்ணாடி வாசலுக்குக் கொண்டுபோய், வெயிலில் பிடித்துப் பார்த்தாள். வெயில் அதற்குள்ளால் வந்து குழந்தையின் முகத்தில் பட்டது. குழந்தை கண்ணைச் சுருக்கிற்று.

"இது வெளிச்சத்தை மறைக்காதடி" என்றேன்.

"கொஞ்சம் மறைச்சாப் போதும்" என்றாள்.

அன்று பின்னேரமே தைத்துக் கொடுத்தேன். மறுநாள் குழந்தை வழமையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினாளாம். அதற்கடுத்த கிழமை தொட்டிலிலிருந்தே திரையின் கரையை எட்டிப் பிடித்து இழுக்கப் பழகிவிட்டாள். தொட்டிலைச் சற்றுத் தள்ளி வைத்தார்கள்.